ஐந்து மில்லி

கட்டிலின் தலைமாட்டில் அந்த அட்டையை
நான்தான் மாட்டினேன்:
வாய்வழி எதுவும் கூடாது.
நான்கு மொழியில் இருக்கிறது.
நான்கிலும் 'கூடாது'தான் பெரிய எழுத்து.

ஞானசிகாமணி அண்ணாந்து வாசித்துவிட்டு
இடப்பக்கம் சரிந்த வாயால் கேட்டார்:
"அப்போ ஞாயித்துக்கெழம?"

நொவீனா, ஏழாம் மாடி.
செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷம்
தீப்பொறிக்கு முகம் கொடுத்த மனுஷர்.
இப்போது ஒரு மிடறு தண்ணீர்
வழி தவறி நுரையீரலுக்குப் போகிறது.
என் வேலை அந்த வழியைப் பார்ப்பது.
விழுங்குவது என்றால் ஏறக்குறைய ஐம்பது தசைகளின்
உடன்படிக்கை;
ஒன்று கையெழுத்துப் போட மறுத்தாலும்
கஞ்சி எதிரியாகிவிடும்.

போதகர் தொலைபேசியில் கேட்டார்,
கடன் கேட்பவர் போல, மெதுவாக:
"ரசத்தைத் துளி தொட்டு உதட்டில் வைத்தால்?"
"வைத்தால் விழுங்கப் பார்ப்பார் ஐயா."
"அதற்குத்தானே அது."

டாக்டரிடம் பேசினேன். படிவம் வந்தது.
ஆபத்தை அறிவேன் என்ற வரிக்குக் கீழே
மனைவி ரூபாவதி பேனாவை எடுக்குமுன்
அவரே போட்டார், வலக்கையால்,
வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்டது போல
முழுப் பெயர்.

திராட்சைச் சாறு ஐந்து மில்லி.
கெட்டியாக்கும் மாவு ஒரு சிட்டிகை.
அவசரப்பட்டால் கட்டி விழும்,
மெல்லக் கலக்கினேன்.
போதகர் எட்டிப் பார்த்தார்.
"கூழ் மாதிரி இருக்கே."
"கூழ்தான் ஐயா."
ஒரு கணம் யோசித்தார்.
பிறகு அதன்மேல் கை நீட்டி
எப்போதும் சொல்லும் ஜெபத்தையே சொன்னார்,
ஒரு வார்த்தையும் குறைக்காமல்.
அப்பத்தில் கடுகளவு கிள்ளி
அதில் கரையவிட்டார்.

கட்டிலை நிமிர்த்தினேன்.
"மோவாயை நெஞ்சோடு சேருங்க."
பாதுகாப்புக்காகச் சொன்னது.
பார்ப்பதற்குத் தலைவணங்கியது போலிருந்தது.
திரைக்கு அப்பால் திரு. லிம்
யாரும் கேட்காமலே
தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

என் இரண்டு விரல் அவர் தொண்டையில்.
கரண்டி உள்ளே போனது.
ஒன்று. இரண்டு. மூன்று.
எதுவும் நடக்கவில்லை.
நான்கு.
ரூபாவதி சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தார்.
பிறகு விரலுக்கடியில் குரல்வளை அசைந்தது,
பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து
ஒருவர் எழுந்து வருவது போல.
ஏறியது, நின்றது, இறங்கியது.

"ஆ சொல்லுங்க," என்றேன்.
குரலில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க.
"ஆ..." என்றார்.
காய்ந்த, தெளிந்த ஆ.
போதகர் அதை ஆமென் என்று எடுத்துக்கொண்டார்.

மிச்ச அப்பத்தை மூன்றாக உடைத்தார்.
ரூபாவதிக்கு, தனக்கு, எனக்கு.
"டியூட்டியில் இருக்கேன் ஐயா."
"நானும்தான்."

கையுறையைக் கழற்றினேன்.
கோயிலில் மாதம் ஒருமுறை வரிசையில் போய்
எம்ஆர்டி வாசலில் அட்டை தட்டுவது போல
வாங்கிக்கொண்டு நகர்ந்திருக்கிறேன்.
இன்று அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
நோயாளிக்கு அப்படி ஆனால்
'எச்சம் உள்ளது' என்று எழுதுவேன்.
நாவால் நெடுநேரம் தேடினேன்.

குறிப்பேட்டில்:
ஐந்து மில்லி. மிதமான கெட்டி. இருமல் இல்லை.
அட்டையைக் கழற்றவில்லை.
நாளைக்கும் கூடாதுதான்.

இரவு, வாம்போ உணவங்காடி.
நாலு பேர் மேசை.
எனக்கு எதிரே யாரோ
ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை வைத்து
இடம் பிடித்துப் போயிருந்தார்கள்.
மீ கோரெங்கின் முதல் வாயை
மென்று, தொண்டையில் விரல் வைத்து
விழுங்கிப் பார்த்தேன்.
தட்டோடு வந்த ஒரு பையன்
பொட்டலத்தைக் கண்டதும்
வேறு மேசைக்கு நடந்தான்.

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை
அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.
யாரும் அதை எடுக்கவும் இல்லை.