அரை உருளைக்கிழங்கு

ஊமெயோவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
இரண்டு வருடமாக மாவுப்பண்டம் தொடாத தூவா
குளிர்பெட்டியைத் திறந்து நிற்கிறாள்:
வெண்ணெய், முட்டை, சால்மன்,
நான்காம் மாதத்துக் குமட்டல்.
பழைய எடை, வாசல்வரை வந்து நிற்கும் கடன்காரன்.

"எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டாம்.
சர்க்கரை வெளியே நிற்கட்டும்.
பயறுக்கும் பழத்துக்கும் கதவைத் திற"
என்றாள் மருத்துவச்சி குன்வோர்,
தராசைப் பார்க்காமல்,
முகத்தைப் பார்த்து.

நோட்டில் கிராம்களை
அடித்து அடித்து எழுதியவள்
இன்று அரை உருளைக்கிழங்கைத்
தோலோடு வேகவைத்தாள்.
உப்பு. கொஞ்சம் சதகுப்பை.
ஆவி ஜன்னலை மறைத்தது.

முதல் வாய்
தோல்வி மாதிரி இருந்தது.
இரண்டாவது
வெறும் உருளைக்கிழங்கு.
மூன்றாவது யாருடையது என்று
தெரியவில்லை;
நோட்டில் அந்த இடத்தை மட்டும்
காலியாக விட்டாள்.