கண்ணாடிக் கால்கள்

ட்ராப்ஸோனில் மழை நிற்பதில்லை; நின்றாலும்
கூரைகள் ஒப்புக்கொள்வதில்லை.
குடையை வாசலில் சாய்த்துவிட்டு
நெர்மின் வந்தாள், பின்னால் துனாஹான்.
ஒன்பது வயது.

போன வருஷமும் இதே முக்காலிதான்.
பிரேமின் கால்களைச் சூடுகாட்டி
வெளிப்பக்கம் விரித்துக் கொடுத்தேன்.
சீட்டில் நான் எழுதியது வெறும் எண்.
பள்ளியில் தன் பெயர் ‘கரண்டிக்காது’ என்று
அவனேதான் சொன்னான்,
பஸ் நம்பர் சொல்வதுபோல.

இப்போது காதுக்குப் பின்னால்
தையல் போன தடம்,
ஈர மண்ணில் எறும்பு நடந்த அளவுக்கு.
ஒரு வாரம் தலைக்கட்டு,
ஐந்து வாரம் இரவுப் பட்டை,
அதுவரை கண்ணாடி கூடாது.
“டிவியைக் காதாலேயே பார்த்தேன்” என்கிறான்.

மறுபடி சூடுகாட்டுகிறேன்.
உள்ளே. இன்னும் கொஞ்சம்.
போதும்.
நிலைக்கண்ணாடியில் இடம் திரும்பி, வலம் திரும்பி,
வீடு மாறி வந்துவிட்ட விருந்தாளியைப் போல
தன்னைப் பார்க்கிறான்.

“எடுத்த வளைவை என்ன செய்வீங்க?”

எடுப்பதில்லை, அங்கேயேதான் இருக்கும்,
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு
என்றேன். நம்பவில்லை.

வெளியே மீன் வேனில் அவன் அப்பா,
பின்னாலிருந்து வந்த லாரி வெளிச்சத்தில்
இரண்டு காதும் சிவந்து, விரிந்து.
ஏறியதும் பையன் ஒன்றைச் சுண்டினான்.
வலித்ததுபோல் நடித்தார் அவர்.

கால் வளைக்க நான் காசு வாங்குவதில்லை.
சீட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டு
பக்கத்தில் புதியதை எழுதினேன்.
அடித்தது
இன்னும் படிக்கிறமாதிரிதான் இருக்கிறது.