ஏறுவதற்கு மட்டும் காசு

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறுவதற்கு மட்டும். இறங்குவது இலவசம்.
க்ல்தானியில் பாதிக் கட்டடங்களில் இதுதான் வழக்கம்.
ஒன்பதாம் மாடி, இருபது தெத்ரி.
இதை ஏன் சொல்கிறேன் என்றால்
நுத்சா லிஃப்டில்தான் தூங்குவாள்.

தொட்டிலில் கிடத்தினால்
முதுகில் முள் குத்தினாற்போல் விழிப்பாள்.
தோள், மடி, வாஷிங் மெஷின் பக்கம்
எல்லாம் பார்த்தாயிற்று.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே அந்தப் பெட்டி
ஒரு குலுக்குக் குலுக்கும்.
அங்கேதான் இமை கவியும்.
ஏறினோம், இறங்கினோம், ஏறினோம்.
பிப்ரவரி முடிவதற்குள்
ஊறுகாய் பாட்டில் நிறைய வைத்திருந்த சில்லறை
அடி தட்டிவிட்டது.

எட்டாம் மாடி லமாரா
கதவு திறக்கும்போதெல்லாம்
"இன்னும் ஊர் போய்ச் சேரவில்லையா?" என்பாள்.
ஒரு நாள் எதுவும் கேட்காமல்
என் கோட்டுப் பையில்
கைப்பிடிக் காசு போட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

வாஜாவுக்கு ரொட்டி அடுப்பில் இரவு வேலை.
காலை ஏழுக்கு வருவான்.
புருவத்தில் மாவு, அக்குளில் தாள் சுற்றிய ரொட்டி.
கூர்முனையை ஒடித்து அவள் கையில் தருவான்.
அவள் சப்பிக்கொண்டே அவனைப் பார்ப்பாள்,
இன்னார் என்று இன்னும் முடிவு செய்யாத பார்வை.
அதற்குள் இவன்
சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கியிருப்பான்.

பல் வந்ததை அந்த ரொட்டித் துண்டுதான் சொன்னது.
ஓரத்தில் ஒரு கோடு, நகம் கீறினாற்போல்.
விரலை விட்டுப் பார்த்தேன். கடித்தாள்.
பல் குருணையளவு.
வலி முழு அளவு.

சமையலறை ஜன்னலிலிருந்து
எதிர்க் கம்பத்துக் கப்பி வரை துணிக்கொடி.
இழுத்தால் கிரீச்சிடும்.
அவள் முதலில் படித்த பாஷை அது.
நான் கொடியைத் தொடுவதற்கு முன்பே
உள்ளிருந்து ஒரு கிரீச் வரும்.

நேற்றுப் பகல் பதினொன்றுக்கு
மின்சாரம் போய், ஆறுக்கு மேலே எங்கோ நின்றுவிட்டோம்.
கன்னங்கரிய இருட்டு.
பயந்தது நான்தான்.
அவள் என் மூக்கைத் தேடிப் பிடித்து,
திருத்தமாக,
"மாமா" என்றாள்.

எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
அம்மாவுக்கு தேதா.
மலைக்கு அந்தப்பக்கம் பெற்றிருந்தால்
அந்தச் சொல் எனக்கு.
ஒன்பது மாதம் சுமந்தது நான்,
காசில்லாத நாட்களில்
ஒன்பது மாடி சுமந்ததும் நான்.
"தேதா சொல்லு. தே... தா."
"மாமா."
சிரிக்கிறாள் என்பது சத்தத்தில் தெரிந்தது.

"உள்ளே யாரு?" லமாராவின் குரல், கீழிருந்து.
"நாங்கள்தான்."
"வேறு யாராக இருக்கும்!"

வாஜாவிடம் சொல்லவில்லை.
பொறாமை என்றால் பொறாமை, பாதிக்கு அதுதான்.
மீதிப் பாதி,
அந்தச் சொல்லை
என் வாய் பட்டு ஏன் அவன் வாங்க வேண்டும்?
அவனே கேட்கட்டும்.

இன்று ஏழேகால்.
மாவுப் புருவம். ரொட்டி முனை.
கை நீட்டி "மாமா" என்றாள்.
ரொட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்,
நான் பார்த்தேன்.
அவன் பார்க்கவில்லை.
ஒரு காலில் ஷூவோடு
கதவோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.
"கேட்டாயா?"
"இல்லையே, என்ன சொன்னாள்?" என்றேன்.

மணி பத்தாகிறது. இன்னும் தூங்கவில்லை அவன்.
பாட்டிலில் மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டு
அவளோடு லிஃப்டுக்குப் போயிருக்கிறான்.
ஏறுகிற சத்தம், இறங்குகிற சத்தம்,
மறுபடி காசு விழுகிற சத்தம்.

ஈரச் சட்டைகளை மாட்டிக் கொடியை இழுக்கிறேன்.
கிரீச்.
உள்ளிருந்து பதில் இல்லை.
இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறேன்.