அரைப்பேர்

கொழும்பிலிருந்து வந்தவர் ஹற்றன் மண்டபத்தில்
இரண்டு மணிநேரம் பேசினார்.
கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாதீர்கள்.
பிறந்த திகதியை வைக்காதீர்கள்.
பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள்.
பிறகு பட்டிஸ் தந்தார்கள், தேநீர் தந்தார்கள்.
தேநீர் வெறும் தூள்.
நல்ல இலை போன மாதமே கப்பலேறிவிட்டது.

என் கடை பொகவந்தலாவையில், பஸ் திரும்புகிற இடத்தில்.
போட்டோகொப்பி, ரீலோட், நிவாரண விண்ணப்பம்.
மேசை லாச்சியில் நீலமட்டை சீஆர் கொப்பி.
கீழ்க்கணக்கு முழுவதும் அதற்குள் இருக்கிறது:
நூற்றுப் பன்னிரண்டு பேரின் கடவுச்சொற்கள்
என் கையெழுத்தில்.
மண்டபத்துக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்.
விழட்டும்.

பூமயிலிடம் போன் இல்லை.
ஆறு இலக்கம் மகனுக்குப் போகும், வெள்ளவத்தைக் கடைக்கு.
முதலாளி பார்க்காத நேரம்
அவன் கக்கூசுக்குள் நின்று வாசிப்பான்:
நாலு, ஒன்பது, ஒன்பது...
அதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.
இரட்டைப் பாதுகாப்பு என்கிறார்கள் இதை.
சரிதான். அங்கே ஒருவன் நிற்கிறான்,
இங்கே ஒருத்தி நிற்கிறாள்,
நடுவில் அரசாங்கம் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் திரை சொல்லும்:
மின்கட்டணச் சிட்டை உண்டு, ஆகவே ஏழையில்லை.
ஆறு காம்பராவுக்கு ஒரு மீட்டர்.
எட்ட நின்று யாரோ எழுதிய கேள்வித்தாள் அது.
'கம்ப்யூட்டர் சொல்லுது' என்று
கிராம சேவகர் கையை விரிக்கிறார்.
கம்ப்யூட்டருக்கு இந்த லயத்தின் கூரை எப்படித் தெரியும்?
சொல்லிக்கொடுத்தவனுக்கே தெரியாது.

கொழுந்து மடுவத்தில் புதுத் தராசு.
பழையதில் கணக்கப்பிள்ளையின் கட்டைவிரல் தெரியும்.
விரலைப் பார்த்து ஏசலாம்,
ஏசிய நாளில் அரைக்கிலோ திரும்பியும் வரும்.
புதியதில் விரல் இல்லை. இலக்கம் சிவப்பாய் ஒளிர்கிறது,
இரண்டு கிலோ குறைவாக.
கேட்டால் செட்டிங் என்கிறார்கள்.
செட்டிங்குக்கும் கடவுச்சொல் உண்டு.
இந்த மலையிலேயே ஒழுங்காகக் காக்கப்படும்
ஒரே கடவுச்சொல் அதுதான்.

அந்த இரண்டு கிலோவில் சிவபாக்கியத்துக்கு அரைப்பேர்.
காலை ஆறரைக்கு முழு ஆளாய் மலையேறியவள்
அட்டைக்கடியோடு அரை ஆளாய் இறங்குகிறாள்.
சம்பளத்தைக் கூட்டினால் தொழில் முழுகிவிடும் என்று
தொலைக்காட்சியில் டை கட்டியவர் கணக்குக் காட்டினார்.
அவருடைய கணக்கில் அந்த இரண்டு கிலோ
எந்தப் பக்கம் இருந்தது?

மண்டபத்தில் கடைசியாகக் கேட்டார்:
உங்கள் தகவல் எப்போதாவது திருடப்பட்டிருக்கிறதா?
எல்லாரும் பேஸ்புக்கை நினைத்தார்கள்.
நான் நாற்பத்தெட்டை நினைத்தேன்.
லட்சக்கணக்கான பேரைக் குடியுரிமையிலிருந்து எடுத்தார்கள்,
அடுத்த வருடமே வாக்கும் போயிற்று.
எவரும் பூட்டை உடைக்கவில்லை.
முன்வாசலால், சாவியோடு வந்து,
கையுயர்த்தி எண்ணிச் செய்தார்கள்.
பெயர்களை மீட்டெடுக்க ஐம்பத்தைந்து வருடம் போனது.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
பட்டிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் சுத்தமில்லை.
டெய்சிராணியின் கணக்கில் காசு விழுந்ததை
அவளுக்கு முன்னே நான் பார்த்தேன்.
அன்று மாலை அவளைக் கூப்பிட்டு
என் பழைய கடனை ஞாபகப்படுத்தினேன்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. தந்தாள்.
எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம்.
கேட்காததுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து இரவில் கொப்பியை
அரிசி டின்னுக்குள் வைக்கிறேன். மூடி இறுக்கம்.
யாரிடமிருந்து என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன கிழமை சிவபாக்கியத்துக்குப் புதுக் கணக்கு திறந்தோம்.
ஏதாவது ஒரு சொல் சொல்லுங்கள் அக்கா என்றேன்.
சொன்னாள். இப்போது மாற்றிவிட்டோம், ஆகவே சொல்லலாம்:
முழுப்பேர்.
அடித்தேன்.
திரை சிவந்தது. பலவீனமானது என்றது.
இன்னும் இரண்டு குறைகிறது என்றது.