நேரங்கெட்ட வியாபாரம்

எவாரிஸ்தோவுக்கு நான் இரண்டு சிலிண்டர் காசு பாக்கி.
அவர் சத்தம் கேட்டால்
திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

சிலியின் ஒல்லிக் கரையில், எங்கள் புந்தா பியூரேயில்
கேஸ் விற்பவர்கள் கூவுவதில்லை.
இரும்புக் கம்பியால் சிலிண்டரைத் தட்டுவார்கள்.
டாண் டடாண். டாண் டடாண்.
தெருநாய்களுக்கும் அந்தத் தாளம் பாடம்.

அன்றிரவு நிலம் முதலில் உறுமியது.
பிறகு புடைக்கிற முறத்தில் அரிசியானோம்.
எழுந்தேன், விழுந்தேன்,
மில்லாராயின் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.
அலமாரி என் தையல் இயந்திரத்தின்மேல் குப்புற விழுந்தது.
அதைச் சுவரோடு பிணைக்க வாங்கிய கொக்கிகள்
பொட்டலம் பிரிக்காமல்
அதே அலமாரிக்குள்.

ஓய்ந்தபோது ஊரே இருட்டு.
"சங்கு ஊதவில்லையே" என்றான் பக்கத்து வீட்டு நிபால்தோ.
எல்லோரும் அதையே சொன்னோம்.
கம்பத்தின் உச்சியில் அது
மின்சாரம் செத்து வாயடைத்து நின்றதை
யாரும் யோசிக்கவில்லை.
ஊதாத சங்கை நம்பி
செருப்பைத் தேடினோம், கண்ணாடிச் சில்லைக் கூட்டினோம்,
ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்கு நீர்கூட வைத்தாள்.
நான்தான் அது.
காசு கொடுக்காத கேஸில்.

அப்போது கேட்டது.
டாண்.

விடியாத நான்கு மணிக்கு யார் கேஸ் விற்பது?
"உன் கடனை வசூலிக்க வருகிறார்" என்று சிரித்தான் நிபால்தோ.
சத்தம் நெருங்கியது. தாளம் இல்லை அதில்.
டாண்டாண்டாண்டாண் என்று
வீடு பற்றியெரிகிறவன் அடுத்தவன் கதவை இடிப்பதுபோல.
நடுவே மூச்சிரைக்க ஒரு கேள்வி:
"நிற்க முடிந்ததா உங்களால்? நிற்க முடிந்ததா?"

வேறெதுவும் கேட்கவில்லை.
பள்ளிச் சுவரில், மீன் சந்தையில், பொதுக் கழிப்பறைக் கதவில்
நகராட்சி எழுதிவைத்த வரிதான்:
நிற்க முடியாதபடி நிலம் ஆடினால்
எவர் சொல்லுக்கும் காத்திராமல் மேடேறு.
தினமும் கண்ணில் பட்டது,
அதனாலேயே கருத்தில் படாமல் போனது.

அடுப்பை அணைத்தேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.

இருநூற்றுப் பன்னிரண்டு படி. மில்லாராய் எண்ணினாள்,
வெறுங்காலோடு.
கார் எடுத்தவர்கள் பாலத்தடியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
நாற்பதாவது படியில் நிபால்தோ நின்றான்.
"படகின் பத்திரம். ஐந்தே நிமிடம்."
பத்திரமாகப் போய்வா என்றேன்.
போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும்.
தமாஷாகச் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால்கூடப் போதும்.

கடல் பின்வாங்கியதை நான் பார்க்கவில்லை.
வாசனைதான் வந்தது, பாசியும் சேறும்,
யாரோ பெரிய பானையின் மூடியைத் திறந்ததுபோல.
பிறகு மரம் முறிகிற ஓசை. வெகுநேரம்.
குன்றின்மேல் எவரும் பேசவில்லை.
மில்லாராய் என் காதில் சொன்னாள்:
"ஹாரன் நின்றுவிட்டது."

விடிந்ததும் வளைகுடா முழுக்க மஞ்சள் சிலிண்டர்கள் மிதந்தன,
சோம்பேறிக் கடல்நாய்கள் போல.
எவாரிஸ்தோ கையில் கம்பியோடு உட்கார்ந்து
அவற்றை எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார்.
கடைசித் தெருவரை போனாராம்.
தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதுதான்
படி நினைவுக்கு வந்ததாம்.

பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது பத்திரம்,
பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு சொட்டு நனையாமல்.
பத்திரம் மட்டும்.

சங்குக்கு இப்போது பேட்டரி உண்டு.
கொக்கிகள் சுவரில்.
கட்டிலடியில் இரண்டு ஜோடிக் காலணி, முனை வாசலைப் பார்த்து.
எவாரிஸ்தோ கம்பியால் தட்டினால்
ஊரே படியேறுகிறது என்பதால்
ஊதலுக்கு மாறிவிட்டார்.
வண்டியில் கம்பி இருக்கிறது, விற்பனைக்கு அல்ல.

நான் திரைச்சீலையை இழுப்பதில்லை.
ஒரு சிலிண்டர் காசு கொடுத்துவிட்டேன்.
இன்னொன்று பாக்கி.
அவர் கேட்கட்டும் என்றிருக்கிறேன்.