பாராமுகம்

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. சனிக்கிழமை காலை ஏழரை.
ஜொகூரில் மீன் மலிவு என்று போகிற கூட்டத்தில்
நானும் ஒருத்தி.
கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொள்கிறது,
முன்னால் திறக்க மறுக்கிறது.
நேராகப் பாருங்கள், என்கிறது திரை.
பார்க்கிறேன்.
நேராகப் பாருங்கள்.

நேராகப் பார்த்தால் என் விழிகள்
பேருந்தின் மழைத்துடைப்பான்:
இடம் வலம், இடம் வலம்,
மழையே இல்லாமல்.

பிறந்த ஆறாம் வாரம் அப்பா சொன்னாராம்,
'பிள்ளை என்னப் பாக்கவே மாட்டேங்குதே.'
பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன் அப்பா,
ஆடி ஆடி.

கண் மருத்துவமனையில் பயிற்சி மாணவர் நால்வர்
என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்:
உலகம் ஆடுவதுபோல் தெரியுமா?
இல்லை.
என் உலகம் நின்ற இடத்தில் நிற்கிறது.
ஆட்டம் தெரிவது உங்களுக்கு.

முகத்தை வலப்பக்கம் திருப்பினால்
விழிகள் இடது ஓரத்தில் ஒதுங்கும்.
அங்கே ஓர் இடம், கட்டைவிரல் அகலம்,
எல்லாம் ஓயும்.
வருகிற பஸ் 853, 858 இல்லை என்று தெரியும்.
நாற்பத்து மூன்று வருடமாக
நான் குடியிருக்கும் வீடு அது;
வீவக வீடு கிடைத்ததெல்லாம் பிறகுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு
அது பாராமுகம்.
'முகங்கொடுத்துப் பேசத் தெரியாதா?'
தொடக்கநிலை மூன்றில் திலகேஸ்வரி டீச்சர்.
'பொண்ணுக்கு இஷ்டமில்ல போல.'
என்னைப் பார்க்க வந்தவரின் அக்கா,
சிராங்கூன் சாலை உணவகத்தில்,
நெய்த்தோசை ஆறுவதற்குள்.
அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சட்டைப்பையில் பேனா மை கசிந்திருந்ததுவரை பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை.

பின்னால் வரிசை உச்சுக்கொட்டுகிறது.
பதற்றம் ஏறினால் ஆட்டமும் ஏறும்.
இயந்திரத்துக்கு அது தெரியாது,
அல்லது
அது மட்டும்தான் தெரியும்.

ஓர் அதிகாரி வந்து பக்கக் கதவைத் திறந்தார்.
முகப்புக்கு அழைத்துப்போய் உட்கார்ந்து,
கடப்பிதழை விரித்து, என்னைப் பார்த்தார்.
படத்தில் என் கண்கள் அசையவில்லை,
யாருடைய கண்களோ போல.

'எந்தப் பக்கம்?' என்றார்.
அவ்வளவுதான் கேட்டார்.

இடது, என்றேன்.

நாற்காலியை உருட்டிக்கொண்டு இடது மூலைக்கு வந்தார்.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
நூர்ஹயாத்தி என்றது பெயர்ப்பட்டை.
முக்காட்டின் ஊசியில் சின்னதாக ஒரு தும்பி,
ஒரு சிறகு உடைந்தது.
அவர் வீட்டில் யாருக்கோ இருக்க வேண்டும்.
நான் கேட்கவில்லை, வரிசை நீளம்.

கடற்பாலத்தில் பஸ் நின்று நின்று நகர்ந்தது.
இடப்பக்கச் சன்னலோரம் இடம் பிடித்து,
முகத்தை உள்ளே திருப்பி
வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு போனேன்.
எதிர்வரிசைச் சிறுவன்
தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்
கையசைத்தான்.
நானும் அசைத்தேன்,
கடலைப் பார்த்தபடி.