காரணம் எழுதும் கட்டம்

எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது.
வானத்தை நான் பார்ப்பது பிரேக்கரில்.
சித்திரை பிறந்து மூன்று மணிக்கு மேல்
முதலில் ஏற்காடு விழும்.
பத்து நிமிஷத்தில் கன்னங்குறிச்சி.
அப்புறம் அஸ்தம்பட்டி,
சில நாள் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும்.
பலகையில் சிவப்பு அணைந்து பச்சை எரியும்.
எங்கள் தொழிலில் பச்சை என்றால் இருட்டு.

விழுந்த நேரம், எந்த ரிலே, எடுத்த நேரம்,
பக்கத்தின் ஓரத்தில்
இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்: காரணம்.
இடி மழை என்று முதல் வரியில் எழுதி
கீழே முழுக்க ‘மேற்படி’ போட்டுவிடுவார்
முந்தைய ஷிப்ட் வரதப்பன்.

அந்த நேரத்துக்குத் தொலைபேசி அடிக்கும்.
மல்லூர் சேகோ ஆலை, இருசாயி.
“ஏற்காடு போயிருச்சுங்களா?”
போயிருச்சு என்றால் அவளுக்கு நாற்பது நிமிஷம்.
களத்து மாவை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட
எட்டுப் பேருக்கு முப்பத்தைந்து.
அவள் முகம் எனக்குத் தெரியாது.
பின்னால் கேட்கும் தகரப் பலகைச் சத்தம் தெரியும்.

போன வருஷம் ஏற்காடு விழுந்தது பதினோரு நாள்.
பதினோரு நாளும் வாரினாள்.
மல்லூரில் பெய்தது மூன்று நாள்.

“சேலத்துக்காரங்க கட்டடம் கட்டிக் கட்டி
அந்த அனல்ல மேகம் ரெண்டாப் பொளந்து
ஆத்தூருக்குப் பாதி, ஓமலூருக்குப் பாதி போயிருதுங்க.
எங்க பனமரத்துப்பட்டி ஏரில தண்ணி இருந்தப்ப
நேரா வரும்.”

வயர்மேன் அங்கமுத்து கன்னங்குறிச்சிக்காரன்.
மூக்கனேரி நிரம்பினால்தான்
மேகம் இறங்குமென்று அடித்துச் சொல்வான்.
உதவிப் பொறியாளர் பொற்கொடி சிரித்தார்:
பகலில் ஏரிக்கு மேல் காற்று குளிர்ந்து கீழே அமுங்கும்,
சூடான ஊர்தான் மேகத்தை மேலே தூக்கும்,
நியாயப்படி சேலத்தில் கூடத்தான் பெய்யணும்.

மூன்று பேரும் பேசியது ஒரே மேகத்தை.

நைட் ஷிப்டில் பழைய புத்தகங்களை இறக்கினேன்.
ஒன்பது வருஷம்.
பென்சிலால் கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்கு.
அஸ்தம்பட்டியில் இடி வருஷா வருஷம் குறைகிறது!
விடியும்வரை காத்திருந்து காட்டினேன்.

பொற்கொடி பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.
“அங்கே கம்பியைப் பூமிக்குள்ள இறக்கிட்டோமே அண்ணா.
மழை குறைஞ்சதா, கம்பி ஒளிஞ்சுக்கிச்சா?
ஏற்காட்டு லைன்ல
சில்வர் ஓக் கிளை சும்மா காத்துக்கே விழும்.
நீங்க எண்ணினது மேகமில்ல, கிளை.”

பென்சில் என்பது நல்லதாகப் போயிற்று.

பிறகு வைகாசியில் ஒரு வியாழன்.
ஏற்காடு நிற்கிறது. கன்னங்குறிச்சி நிற்கிறது.
மூன்று ஐம்பதுக்குச் செவ்வாய்ப்பேட்டை விழுந்தது.
முதலாவதாக.
எங்கிருந்தும் வராமல்
ஊரின் தலைக்கு மேலேயே முளைத்த மழை.
தொலைபேசி அடிக்கவில்லை.
நானே கூப்பிட்டேன், முதன்முறையாக.

“ஏற்காடு போகலை. செவ்வாய்ப்பேட்டை போயிருச்சு.”
“அப்படின்னா?”
“தெரியலை.”
“வாரட்டுங்களா?”

ஒன்பது வருஷப் புத்தகமும் மேஜையில்தான் கிடந்தது.
“வாருங்க” என்றேன்.

மல்லூரில் ஆறு மணி வரை வெயிலாம்.
ஈரத்தோடு குவித்த மாவு
காலையில் புளித்துக் கிடந்ததாம்.
அங்கமுத்து வழியாக வந்த சேதி.
ஐந்து நாள் தொலைபேசி ஊமை.
ஆறாம் நாள், “ஏற்காடு போயிருச்சுங்களா?”
வேறெதுவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

அந்த வியாழன் பக்கத்தில் என் கையெழுத்து:
செவ்வாய்ப்பேட்டை, 15.50.
காரணம்: தெரியவில்லை.
சோதித்து ஏற்றியது. நின்றது.

அதற்குக் கீழே, நட்சத்திரம் தெளிந்த இரவு 23.10,
கன்னங்குறிச்சி.
காரணம்: வௌவால். இரண்டு.